பதினெட்டு மணி நேரம் ஓடிய வண்டி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வரும்னு வீட்டுல எல்லாரும் சொல்வாங்க. வரத்தான் செய்யும். பொய்க்கு மேல ஸ்டிக்கர் ஒட்டி வித்துட்டு, சிரிச்சுக்கிட்டே கை குலுக்குறவனைப் பார்த்தா வேற என்ன வரும்? என் அண்ணனுக்கு மட்டும் வராது. அவர்கிட்ட எனக்கு இருக்கிற பெரிய குறையே அதுதான்.

அண்ணன் மோட்டோகிராஸ் வண்டி மெக்கானிக். மண்மேட்டுல ஏறிப் பறந்து, தொப்புனு வந்து விழும் பாருங்க, அந்த வண்டிங்களுக்கு. ஒரு தகரக் கொட்டகையில பாதி அவர் பட்டறை, பாதி என் தையல் மெஷின். அவர் வண்டியைச் சரி பண்ணுவார், நான் அதை ஓட்டிக் கிழிச்சுட்டு வர்றவங்க பேன்ட்டைத் தைப்பேன். எந்த முழங்கால் கிழிஞ்சிருக்குன்னு பார்த்தே ஆள் எந்தப் பக்கம் விழுந்தான்னு சொல்லிடுவேன்.

ரேஸ்காரங்க அவரை 'மூச்சு'ன்னு கூப்பிடுவாங்க. எந்த வண்டி வந்தாலும் முதல்ல சீட்டைக் கழட்டி, ஏர் ஃபில்டரை வெளிய எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பார்ப்பார். அது எண்ணெய்ல தோய்ச்ச ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்ல அலசணும், முறுக்கிப் பிழியாம அமுக்கி எடுக்கணும், காயவச்சுப் புது எண்ணெய் தடவணும். சின்னப் பிள்ளைகூட செய்யும். ஆனா வர்றவன் வண்டியில எல்லாம் ஃபில்டர் சேத்துக்கட்டியா இருக்கும், மேல மட்டும் பளபளன்னு புது ஸ்டிக்கர்! "வண்டிக்கு மூச்சு முட்டுதுப்பா"ன்னு அண்ணன் மெதுவாச் சொல்வார். நானா இருந்தா அந்த ஃபில்டராலயே மூஞ்சியில ஒண்ணு வைப்பேன்.

பழைய வண்டி வாங்கறவங்களும் அவர்கிட்டதான் வருவாங்க. இந்த வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர்னு காட்டற மீட்டர் கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடுச்சுங்கறதுதான் கணக்கு. அதுக்குத் தீப்பெட்டி அளவுல ஒரு மீட்டரை ஹேண்டில்ல ஒட்டியிருப்பாங்க. பழசைப் பிடுங்கி எறிஞ்சுட்டுப் புதுசு ஒட்டினா வண்டி அன்னிக்குத்தான் பிறந்த மாதிரி. அதனால அண்ணன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். "கழுவாம கொண்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்புவார். கழுவின வண்டியில எங்க எண்ணெய் கசியுதுன்னு தெரியாதாம்.

இப்படிப்பட்ட ஆள் வீட்டுக்குள்ளயே இருக்கும்போது என் வீட்டுக்காரர் என்ன பண்ணினார் தெரியுமா? பால் வேன் ஓட்டற மனுஷன். நாலு வருஷமா மத்தவங்க வண்டியை இரவல் வாங்கி ரேஸ் ஓட்டிட்டு இருந்தவர், ஒரு சனிக்கிழமை காலையில சொந்தமா ஒரு பழைய வண்டியோட வந்து நின்னார். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. என்கிட்டயும் மூச்சு விடலை. மறுநாள் ரேஸ்.

"ரேஸ் கிளப் செயலாளர்கிட்ட வாங்கினேன். பதினெட்டு மணி நேரம்தான் ஓடியிருக்கு"ன்னார். முகமெல்லாம் பல்லு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏங்க, மச்சான்கிட்ட கேட்டா உங்க கௌரவம் குறைஞ்சிடுமா?"ன்னேன்.

அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தார். "நல்லாயிருக்கு மாப்பிள்ளை. நாளைக்கு ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பார்த்துடலாம்"ன்னு வண்டியை ஸ்டாண்டுல ஏத்தினார்.

பின் சக்கரத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினார். டக் டக்னு ஆடுச்சு. பேரிங் போச்சு. ஸ்பேனரால ஸ்போக் கம்பியை ஒவ்வொண்ணா தட்டினார். பாதி கணீர்னு கேட்டுச்சு, பாதி செத்த சத்தம். கால் வைக்கிற பெடல் மட்டும் புத்தம் புதுசு. ஆனா அதுக்குப் பக்கத்துல ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரிச்சா, வருஷக்கணக்கா பூட்ஸ் உரசி பிரேம் வெள்ளி மாதிரி தேய்ஞ்சு கிடக்குது. செயின் உரசற ரப்பர் கட்டை இரும்பு தெரியற அளவுக்கு அறுந்திருந்துச்சு. அப்புறம் ஹேண்டிலுக்குக் கீழ பிரேம்ல அடிச்சிருந்த நம்பரைத் துடைச்சுப் படிச்சார். பத்தாவது எழுத்து வண்டி எந்த வருஷத்துதுன்னு சொல்லும்.

"ஒன்பது வருஷம்"னார் அண்ணன்.

பதினெட்டு மணி நேரமாம்! யாருக்குக் காது குத்தறான் அந்தச் செயலாளர்? நான் கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டு எழுந்துட்டேன். அண்ணன் அதுக்குள்ள இன்ஜினுக்கு முன்னாடி இறங்கற பிரேம் குழாயில துணியில தின்னர் நனைச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். கறுப்புப் பெயின்ட் கரைஞ்சு, அடியில ஒரு வெல்டிங் தெரிஞ்சுது. அண்ணன் கை அப்படியே நின்னுடுச்சு.

நானும் குனிஞ்சு பார்த்தேன். வெல்டிங் முடியற இடத்துல கோடு கொஞ்சம் பின்னால திரும்பியிருந்துச்சு. நான் தையல் முடிக்கும்போது ரெண்டு தையல் பின்னால போடுவேனே, அதே மாதிரி. இந்தப் பக்கத்துல வேற யாரும் அப்படி முடிக்க மாட்டாங்க.

"அண்ணா, இது உன் கை."

அவர் தலையாட்டினார். ஆறு வருஷம் முன்னாடி ஒருத்தன் அழாத குறையா வந்து நின்னானாம். மேட்டுல விழுந்து குழாய் வெடிச்சிருந்துச்சாம். "இது குப்பைக்குப் போக வேண்டிய பிரேம்தான். அவன் கெஞ்சினான். சும்மா சமதரையில ஓட்டு, குதிக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி ஒட்டிக் கொடுத்தேன்"ன்னார்.

"சொன்னா போதுமா? நீ சொன்னது வண்டியில எழுதியா இருக்கு?"ன்னு கத்தினேன். அதுவரைக்கும் செயலாளர் மேல இருந்த கோபம் மொத்தமும் அண்ணன் பக்கம் திரும்பிடுச்சு. அவர் தலை நிமிரலை.

என் வீட்டுக்காரர் அப்பதான் வாயைத் திறந்தார். "அவரைத் திட்டாதே. வெல்டிங் இருக்குன்னு எனக்குத் தெரியும். பெயின்ட்டுக்கு மேல தடவி செயலாளரே காட்டினார். 'இது உங்க மச்சான் கை வச்சது, இதைவிட என்ன வேணும்'ன்னு சொன்னார். அதான் நான் வேற எதுவும் கேட்கலை."

கௌரவமாம், கௌரவம்! அவர் அண்ணனை நம்பித்தான் வாங்கியிருக்கார்.

அண்ணன் போன் போட்டதும் செயலாளர் வந்துட்டார். வெள்ளைச் சட்டை, வாசனை வேற. வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்து, "அண்ணே, ஒட்டினது நீங்க. இப்ப சரியில்லைன்னு சொல்றதும் நீங்களா?"ன்னு கேட்டார், ஏதோ தமாஷ் மாதிரி.

"ஒட்டினது என் தப்பு. இதை ரேஸுக்குன்னு வித்தது உங்க தப்பு. மீட்டரை மாத்தினது அதைவிடப் பெரிய தப்பு"ன்னார் அண்ணன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்னிக்குத்தான்.

செயலாளருக்குச் சிரிப்பு போயிடுச்சு. "சரிண்ணே, பிரச்சினை வேணாம். வண்டியை இப்படியே முழுசாத் திருப்பிக் கொடுங்க, வாங்கின காசைக் கொடுத்துடறேன். இதுக்கு ஆள் காத்திருக்கான், நாளைக்கே ஓட்டுவான்"ன்னார்.

கேட்டீங்களா நியாயத்தை? நாளைக்கே ஓட்டுவானாம்! அவனுக்குக் கழுத்து இல்லையா? அவனுக்கு வீட்டுல யாரும் இல்லையா?

ஆனா மறைக்காம சொல்லிடறேன். அந்த நிமிஷம் என் வாயில வந்தது அது இல்லை. "கொடுத்துடுவோம்ங்க"ன்னுதான் வந்துச்சு. நாலு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. நம்ம தலைக்கு வந்தது போச்சேன்னு ஒரு நிம்மதி. இன்னிக்கு நினைச்சாலும் எனக்கே என்னைப் பிடிக்கலை.

இதுல முடிவு சொல்ற உரிமை தனக்கு இல்லைன்னு அண்ணன் நினைச்சாரோ என்னவோ. இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்து பிளக்கைச் சொருகிட்டு, என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"வெட்டினா நயா பைசா கிடைக்காது, பார்த்துக்கோங்க"ன்னார் செயலாளர்.

என் வீட்டுக்காரர் முன் சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சார். "வெட்டுங்க மச்சான்"ன்னார்.

தீப்பொறி என் தையல் மெஷின் வரைக்கும் பறந்துச்சு. நான் ஓடிப்போய்த் துணிகளை மூடினேன். திரும்பிப் பார்த்தா செயலாளரைக் காணோம். அண்ணன் வெல்டிங்குக்கு மேலயும் கீழயும் அறுத்து, அந்தத் துண்டை மட்டும் தனியா எடுத்தார். அப்புறம் நம்பர் அடிச்ச இடத்தையும் ரெண்டா அறுத்தார். இனி யாரும் அதை வண்டின்னு சொல்லி விக்க முடியாது.

குழாய்த் துண்டைத் தண்ணியில போட்டு எடுத்து எங்க கிட்ட காட்டினார். வெல்டிங் ஓரத்துலயே, உள்பக்கத்துல, விரிசல் முக்கால்வாசி சுத்தி ஓடியிருந்துச்சு. அதுல பாதி துருப்பிடிச்ச பழசு. மீதி இப்பத்தான் வெடிச்ச மாதிரி மினுமினுன்னு வெள்ளையா இருந்துச்சு.

"இது புதுசா இருக்கே"ன்னு அண்ணன் நகத்தை வச்சுக் காட்டினார். "மாப்பிள்ளை, இதை எங்கயாவது ஓட்டினீங்களா?"

என் வீட்டுக்காரர் அந்தத் துண்டையே பார்த்துக்கிட்டு நின்னார். "வியாழக்கிழமை, வாங்கின அன்னிக்கே. பழகிப் பார்க்கலாம்னு போனேன். பெரிய மேட்டுல பதினோரு தடவை குதிச்சேன்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துல நான் அவர் மேல கை வச்சதில்லை. அன்னிக்கு முதுகுலயும் தோள்லயும் கை வலிக்கிற வரைக்கும் அடிச்சேன், அழுதுக்கிட்டே. அவரும் நகரலை, அண்ணனும் தடுக்கலை.