திமிசுக்கட்டையும் மாதுளங்கன்றும்

சிலருக்குக் கடவுள் கால்களைக் கொடுப்பது நடப்பதற்காக அல்ல, மிதிப்பதற்காக. ரோலர்காரர் அந்த ரகம். ஆயுள் முழுக்க ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியின் கனத்தைத் தன் கனம் என்றே கடைசிவரை நினைத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். வீடு கட்டும்போது செங்கல் லாரி ஏறி இறங்கிய இடம். அது போதாதென்று இவரும் திமிசுக்கட்டையால் இடித்து இடித்துத் தரையாக்கி வைத்திருந்தார். மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் கண்ணாடி மாதிரி நிற்கும். “பாத்தியா லெவல?” என்று மனைவியிடம் மீசையைத் தடவுவார்.

அவளுடைய தங்கை செத்த பிறகு, தங்கையின் வீட்டை வாங்கியவர்கள் அங்கிருந்த மாதுளை மரத்தை வெட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே இவள் அதில் மூன்று குச்சிகளை ஒடித்து வந்து தொட்டியில் வேர்விட வைத்திருந்தாள். இரண்டை அந்தத் தரையில் நட்டாள். வேர் போக வழியில்லாமல் சுருண்டு, தேங்கிய நீரில் அழுகிப் போயின. மிச்சம் ஒன்று. இதுவும் போனால் தங்கை இரண்டாம் முறை சாவாள்.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. கன்றைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுக் கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்தாள். காய்கறித் தோல், சருகு, பால்காரர் கொடுத்த சாணி எல்லாவற்றையும் மூலையில் ஒரு குழியில் அடுக்கி, சாக்குப் போட்டு மூடி மக்க வைத்தாள். மக்கியதை அள்ளி மண்ணில் கலந்தாள். கை கொப்பளித்தது, கண்ணீரும் அந்த மண்ணில்தான் விழுந்தது. மண் பொலபொலவென்று ஆனது.

மறுநாள் பார்த்தால் பழையபடி கட்டாந்தரை. ஐயா தண்ணீர் தெளித்து, மிதித்து, திமிசு போட்டிருக்கிறார்.

“கால் பொதபொதன்னு உள்ள போகுது. அதெல்லாம் ஒரு மண்ணா?” என்றார்.

ஒத்தாசையாம். இந்த ஒத்தாசைக்குப் பகையாளியே தேவலை.

அவள் மறுபடி கிளறினாள். அவர் மறுபடி மிதித்தார். தொட்டியில் கன்றின் இலைகள் பழுக்கத் தொடங்கின.

மழைக்காலம் வந்தது. மக்கின உரத்தைத் தேடி மண்புழுக்களும் வந்தன. வெறுங்காலோடு மிதிக்கப் போனவரின் விரலிடுக்கில் ஒன்று நெளிந்தது. லாரிகளையே ஒதுங்க வைத்த மாவீரர் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடிக் கட்டில்மேல் ஏறி நின்றார்.

“அது போயிருச்சான்னு பாரு.”

“போகாது. இனிமே அந்த மண்ணு அதுங்க வீடு.”

பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கன்றை நட்டாள். வேர் பிடித்தது. புருஷன் செய்யாததைப் புழு செய்தது.

முதல் பழத்தை உடைத்தபோது தங்கை மகள் வந்திருந்தாள். ஒரு முத்தை வாயில் போட்டதுமே அவள் கண் கலங்கிவிட்டது. “அம்மா பறிச்சுக் குடுக்குற பழம் பெரியம்மா இது” என்றாள். ரோலர்காரர் தொண்டையைச் செருமினார்.

“சும்மாவா? அஸ்திவாரம் நான் போட்டதும்மா.”

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. முத்துக்களை எல்லாம் அந்தப் பெண்ணின் கையில் கொட்டினாள். வெறும் தோலை அவரிடம் நீட்டினாள்.

“குழியில போட்டுட்டு வாங்க.”

அவர் தோட்டத்தைப் பார்த்தார். தன் வெறுங்கால்களைப் பார்த்தார். தோலைக் கையில் பிடித்தபடி பின்வாசலிலேயே நின்றார்.