கூண்டுக்குள் ஒரு கை

எங்கள் ஆய்வகத்தில் அவரைக் கொசுக்காரர் என்றுதான் சொல்வோம். பெரிய படிப்பெல்லாம் படித்த மனிதர். அறை வாசலில் பெயர்ப்பலகை கூட உண்டு, யார் பார்க்கிறார்கள்? மலேரியா பரப்பும் கொசு இனத்தை வளர்ப்பது அவர் வேலை. நோய்க்கிருமி இல்லாத, எந்த மருந்துக்கும் பழகாத வம்சம். புது மருந்து தோய்த்த கொசுவலை வேலை செய்கிறதா என்று அவற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு யாராவது கூண்டறைக்குள் நுழைந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

மனைவியை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். "மனுஷனா, கல்லா?" என்று வாட்ச்மேன் அவர் காதுபடவே கேட்டார். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அவர் வராவிட்டால் வம்சமே அழிந்துவிடும். பெண்கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். ரத்தத்தைச் சூடாக்கிக் கொடுக்கும் கருவி பழுது; கூண்டுக்குள் கையை நீட்டிக் கடிக்க விடுவதுதான் வழி. அவர் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த நாட்களில் மற்றக் கூண்டுகள் செத்துப்போயின. மிச்சம் ஒன்றே ஒன்று. கடித்தால் எனக்குக் கை வீங்கும் என்பதால் அந்த வேலையிலிருந்து அவரே எனக்கு விலக்குக் கொடுத்திருந்தார்.

சட்டையை மடித்துவிட்டு, கூண்டின் துணிக்குழாய் வழியே கையை நுழைத்தார். கொசுக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு வலையிலேயே ஒட்டியிருந்தன. ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. அவர் கையை எடுக்கவும் இல்லை.

நான் குனிந்தபோது எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது.

"சார், கொசு கடிக்காம இருக்கத் தடவுற க்ரீமா இது?"

கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பொண்ணு தடவியிருப்பா. காலையில வாசல்ல உக்காந்திருந்தேன். பக்கத்துல வந்து என்னமோ செஞ்சா."

"உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலம்மா. எதுவுமே தெரியல. அழுகைகூட வரல."

வேறு நாளாயிருந்தால் வருஷம் முழுக்கக் கிண்டலடித்திருப்பேன். அன்று பாவமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் விளங்கவில்லை.

கழுவினாலும் அந்த வாசனை லேசில் போகாது. என் கையை நுழைத்தேன். பசியில் கிடந்தவை மொய்த்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டேன். வயிறு சிவந்து ஒவ்வொன்றாக விலகின. இனி முட்டையிடும், பிழைத்துக்கொள்ளும். என் கைதான் முழங்கை வரை தடித்துப்போயிருந்தது.

அவர் அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல எந்தக் கொசு கடிச்சாலும் அவ என்னைத்தாம்மா திட்டுவா. 'உங்க புள்ளைங்க கடிக்குதுங்க, வந்து கூட்டிட்டுப் போங்க'ம்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நேத்து வீடு பூரா கொசு. ஒருத்தரும் என்னைத் திட்டலம்மா."