நரிக்கு எதிராக ஒன்பது கையெழுத்து

போன சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, மோர்டனில், என் பூசணிக் கொடிக்கு முன்னால் இரண்டு வேட்டைக்காரர்கள் முழங்காலில் நின்றார்கள்.

கும்பிட அல்ல. நரியின் கால்தடம் பார்க்க. அவர்களை வரவழைத்தது யார்? சாட்சாத் இந்தப் பத்திரிகையில் எழுதும் உங்கள் பத்திக்காரன்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். கவுன்சில் வாடகைக்குத் தரும் தோட்டத்துண்டு ஒன்று – அலொட்மென்ட் – மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது. இந்த வருடம் நம்மவர் எவருக்கும் நிம்மதியான வருடம் இல்லை. ஊர்ப் போர்ச் செய்திக்குப் பயந்து டிவியைப் போட மனம் வராத நாட்களில் நான் போய் ஒளிந்துகொண்டது அங்கேதான். பலன், தலையணை அளவில் நாலு பூசணிக்காய்.

அதைப் பற்றி இதே பத்தியில் இரண்டு வாரம் பீற்றிக்கொண்டேன்... நினைவிருக்கும். தோர்ண்டன் ஹீத் வாசகி ஒருவர், "என்ன உரம் போடுகிறீர்கள்?" என்று கடிதம் எழுதிக் கேட்டார். "அது தொழில் இரகசியம்" என்று பதில் போட்டேன். என்ன திமிர் பாருங்கள்!

பக்கத்துத் துண்டு மோரீனுடையது. எழுபது வயதுப் பெண், தனி ஆள். ஆறு கோழி வளர்த்தார், ஆறுக்கும் பெயர் வைத்திருந்தார். முட்டையில் எனக்கும் பங்கு உண்டு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் நரி புகுந்து நாலு கோழியைக் கொன்றுவிட்டது. போகிற போக்கில் என் பாத்தியையும் கிளறி, ஒரு கொடியை அறுத்திருந்தது.

நாலு கோழிக்காக மோரீன் அழுதார். ஒரு கொடிக்காக நான் கொதித்தெழுந்தேன். அந்த நரியைச் சுட்டே ஆக வேண்டும் என்று தோட்டக் கமிட்டிக்கு இரண்டு பக்க மனு எழுதினேன். ஆங்கிலத்தில்! நரியை இழுத்து வந்தது கோழிகள்தான் என்று காரணமும் காட்டினேன். வீடு வீடாகப் போய் ஒன்பது கையெழுத்து வாங்கினேன்.

மோரீன் மட்டும் போடவில்லை. "பிழை என்னுடையது. நான் கோழி வளர்த்ததால்தானே அது வந்தது? மிச்சம் இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்" என்றார். ஆறுதல் சொல்கிற முகத்தோடு நான் தலையாட்டினேன்.

கமிட்டி அனுப்பிய ஆள் கேரி, லைசன்ஸ் வைத்து நரி சுடுகிறவர். என் தரப்பைப் பலப்படுத்த நான் ஹவுன்ஸ்லோவிலிருந்து நடராசா அண்ணையை அழைத்து வந்தேன். இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் பதினாறு வருடம் ஜெர்மனி. அங்கே வேட்டைக்குப் பரீட்சை வைப்பார்கள். அதில் பாஸ் பண்ணியவர். வேட்டைக்காரர் என்றால் சுடத்தானே சொல்வார்? என் பொது அறிவு அவ்வளவுதான்.

"சுட்டுவிடலாம். கோழி ருசி கண்டது திரும்பி வரும்" என்றார் கேரி. "பண்ணைகளில் தலை இல்லாத ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தவன் நான். எனக்கு இரக்கம் வராது."

அண்ணை மறுத்துத் தலையை ஆட்டினார். கேரியிடம் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"தம்பி, ஒண்டைச் சுட்டா அந்த இடம் காலி. காலியான பிளாட்டுக்குக் கவுன்சில் ஆள் அனுப்புற மாதிரி, அடுத்த கிழமை இன்னொண்டு வந்து குடியிருக்கும்."

"அப்ப சுடவே கூடாதா அண்ணை?"

"ஆர் சொன்னது? நானும் சுட்டனான். கோழிப் பண்ணை எண்டா இப்பவும் சுடுவன். இஞ்ச அது ஏன் வருது எண்டு முதல்ல பாக்க வேணும்."

"அடுத்ததும் வந்தால் அதையும் சுடுவேன்" என்றார் கேரி. விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நான்தான் "சுடு, சுடு" என்று நின்றேன். தொட்டுப் பழகிய இருவரும் முதலில் தரையைப் பார்த்தார்கள்.

பார்த்ததுதான் வினை. வேலிப் பொந்திலிருந்து ஒரு தடம் புறப்பட்டது. ஒரு நாள் தடம் அல்ல, பல வாரம் நடந்து புல் தேய்ந்த பாதை. அது நேராக வந்து நின்ற இடம் என் பூசணிப் பாத்தி. கோழிக்கூட்டுக்கு அங்கிருந்து சின்னதாக ஒரு கிளை மட்டும் பிரிந்தது. கேரி துப்பாக்கிப் பெட்டியை எடுக்க வேனுக்குப் போனார். அண்ணை விரலால் மண்ணைக் கிண்டினார். ஒரு மீன் தலை வெளியே வந்தது.

"தம்பி... இதுக்குள்ள என்னத்தைத் தாட்டு வைச்சிருக்கிறீர்?"

என் தொழில் இரகசியத்தைத்தான்! டூட்டிங் மீன் கடையில் ஞாயிறுதோறும் ஒரு பை தலை. பன்றிக் காய்ச்சல் பயத்தில் ஊரே கை கழுவிக்கொண்டிருந்தபோது, நான் மீன் தலைகளைப் பஸ்ஸில் சுமந்துபோய்ப் புதைத்துக்கொண்டிருந்தேன். 'மீன், இறைச்சி புதைக்கக் கூடாது' என்று வாசலில் பலகையே இருக்கிறது. ஆழமாகப் புதைக்கத் தெரியாதவர்களுக்கான பலகை என்று நினைத்திருந்தேன்.

"சொல்லும். இல்லாட்டி அந்த மனிசன் துவக்கோட வரப் போறான்" என்றார் அண்ணை.

சொன்னால் தோட்டம் பறிபோகலாம். மானம் நிச்சயம் போகும். மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டால்? உண்மையாகவே காலைத் தூக்கினேன்.

அப்போது மோரீன் வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே மிச்சம் இரண்டு கோழி. மத்தியானம் யாரோ வந்து எடுத்துப் போகிறார்களாம். "எல்லோருக்கும் என்னால் கரைச்சல்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

வெட்கம் தாங்கவில்லை. கேரியும் திரும்பியிருந்தார். இரண்டு பக்க மனு எழுதிய என் ஆங்கிலத்தில் அப்போது இரண்டே சொல்தான் மிஞ்சியிருந்தது. "மீன்... நான்தான்."

கேரி குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துப்பாக்கிப் பெட்டியைப் பூட்டினார். "இப்போது நான் யாரைச் சுடுவது?" என்று கேட்டார். அண்ணை சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும்.

மோரீன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அட்டைப் பெட்டியைத் திறந்து இரண்டு கோழியையும் கூட்டில் விட்டார். பிறகு செத்துப்போன நாலின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று முழுக்கக் குனிந்து மீன் தலைகளைத் தோண்டி எடுத்தேன். மோரீனின் கூட்டுக்குப் புதுக் கம்பிவலையும் நானே அடித்தேன். கமிட்டி எழுத்தில் எச்சரிக்கை தந்தது, தோட்டம் தப்பியது. நரி ஒருநாள் வேலியோரம் வந்து, கடை பூட்டியிருப்பதைப் பார்த்த வாடிக்கையாளர் போல நின்றுவிட்டுப் போனது.

கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அண்ணையின் தீர்ப்பு. ஐந்து பேரிடம் நேரில் சொல்லிவிட்டேன். மிச்சம் நாலு பேரும் தமிழ் ஆட்கள், இந்தப் பத்தியின் வாசகர்கள். இத்துடன் ஒன்பதும் முடிந்தது.

தோர்ண்டன் ஹீத் வாசகிக்கு: உரம், மீன் தலை. தயவுசெய்து போடாதீர்கள். போட்டுத்தான் ஆவேன் என்றால், மனு மட்டும் எழுதாதீர்கள்.