ஓனர் அம்மாவிடம் இருந்த சாவி

ஸ்ரீரங்கத்தில் கீழ்வீட்டில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். மாடியில் ஓனர் அம்மா. எங்கள் பூட்டுக்கு அவரிடமும் ஒரு சாவி உண்டு. கதவைத் தட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அம்மா படுக்கையில் கிடந்தபோது, நான் அவளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கையில், பிளம்பரோடு உள்ளே வந்து நின்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வாய் திறக்கவில்லை. வேறு வீடு கிடைக்காதென்ற பயம்.

உட்கார முடிந்த கடைசி நாட்களில் அம்மா ஒரு ஜாடி மாவடு போட்டாள். தினமும் குலுக்கிவிடச் சொன்னாள். அம்மாவின் காரியம் முடிந்து மலைக்கோட்டைத் துணிக்கடை வேலைக்குத் திரும்பிய பிறகும், காலையில் குலுக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஒன்றுகூடத் தின்னவில்லை. தின்றால் தீர்ந்துபோகும்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம். ஜாடி கழுவிக் கவிழ்த்திருந்தது. மாடிக்குப் போய்க் கேட்டேன். சாவு விழுந்த வீட்டு ஊறுகாய் தீட்டாம், வைத்திருக்கக் கூடாதாம், சின்னப் பெண் எனக்கு அதெல்லாம் தெரியாதாம், அதனால் அவரே கொட்டிவிட்டாராம். நல்லது செய்துவிட்ட முகம் அவருக்கு.

எனக்கு அழுகைகூட வரவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன்.

அன்று சாயங்காலமே பழைய சாவியோடு வாசலில் நின்றார்.

"என் வீட்டுக்கு எங்கிட்ட சாவி இல்லயா? உங்கம்மா இப்படிப் பண்ணுவாங்களா?"

"பண்ண மாட்டாங்க. அதான் அவங்க துணியில்லாம கெடக்கறப்ப பிளம்பரக் கூட்டிட்டு வந்தீங்க."

அவர் முகம் மாறியது. காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்றார்.

"சொல்லுங்க. போறவரைக்கும் நான் இருக்கற வீடு இது. வரணும்னா தட்டுங்க, தெறக்கறேன்."

புதுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றேன்.

இன்றுவரை காலி பண்ணச் சொல்லவில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. நான் காந்தி மார்க்கெட்டில் மாவடு வாங்கி அதே ஜாடியில் போட்டேன். உப்பு கரித்தது. அம்மா போட்டதாகாது. ஆனாலும் தினமும் குலுக்குகிறேன்.

போன வாரம் காலையில் கதவு தட்டும் சத்தம். ஓனர் அம்மாதான். குழாய் பார்க்க வேண்டுமாம்.

"இருங்க, வரேன்" என்றேன்.

ஜாடியை நன்றாகக் குலுக்கி, மூடியை இறுக்கி, அலமாரியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் போய்த் திறந்தேன்.