அக்காவுக்குக் கொள்ளி வைத்தவள்

போன மாசி மாதம், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மரணச்சடங்கு மண்டபம். தகன அறைக் கதவுக்கு முன்னால் ஐந்து பேர் நின்றோம்: ஐயர், அத்தான், அவருடைய அண்ணை, அக்காவின் பதினொரு வயது மகள், நான். அக்கா பெட்டிக்குள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எதற்கும் பயப்படுகிற ஆள். பஸ் கொஞ்சம் பிந்தினாலே அக்காவுக்கு ஃபோன் எடுப்பேன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை நூலகப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்திலிருந்து வாசிப்பாள். நாடாண்ட பெண்கள், வாக்குரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய பெண்கள் என்று சிறுவர்களுக்காக எழுதியது. எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் தமிழில் சொல்லுவாள்.

"உவள் விட்டால் என்னையும் ராணியாக்கிப்போடுவாள்" என்று அக்கா சிரிப்பார். கடைசிக் கிழமையில் சிரிக்காமல் ஒன்று சொன்னார்: "ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்டு கொள்ளி வைக்க ஒருத்தரையும் தேடாதேங்கோ. இவள் வைப்பாள்."

இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தானை அழுத்துவதுதான். ஆனாலும் ஆண்தான் அழுத்துவது வழக்கம். பெண்கள் அந்தக் கதவோடு நின்றுவிடுவார்கள்.

"என்ர மகனைக் கூப்பிடுறன். அவனும் அவவுக்குப் பெறாமகன், மகன் முறைதானே" என்றார் அத்தானின் அண்ணை. "பொம்பிளைப் பிள்ளையை உதுக்குள்ள விட்டால் சனம் என்ன கதைக்கும்?"

அத்தான் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கும் பயம்தான். பிள்ளை மயங்கி விழுந்தால்? இனி நித்திரையில் பதறி எழும்பினால்?

"நான்தான், பெரியப்பா. அம்மா சொன்னவா" என்றாள் பிள்ளை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம், அக்கா அப்பிடித்தான் சொன்னவா" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அத்தான் விலகி வழி விட்டார்.

பிள்ளை கதவடியில் திரும்பினாள். "சித்தி, பயமாயிருக்கு. நீங்களும் வாங்கோ."

"உன்ர புத்தகத்தில இருக்கிறவை பயப்பிடுறேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

"அதை எழுதேல்ல."

உள்ளே போனோம். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அழுத்தினாள். "அம்மா" என்றாள், சத்தம் வரவில்லை. வெளியே வந்ததும் பெரியப்பா தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டார்.

பயந்தவர்கள் பின்னுக்கு நிற்கவேண்டியவர்கள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்த எனக்கு, பயந்து பயந்தே முன்னுக்குப் போகலாம் என்று காட்டித்தந்தது அந்தக் குளிர்ந்த சின்னக் கை. அதை அறிய அக்காவைப் பறிகொடுக்க வேண்டியிருந்ததே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.