நடுக்கம் நின்றவன்

ஒரு தோல் கோட்டின் விலை. அதுதான் தார்ப்பாய்க்காரன் எனக்குத் தர வேண்டியிருந்த பாக்கி. காலையில் வேலைக்கு இறங்குமுன், குளிருக்காக, பழைய செய்தித்தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள், நெஞ்சோடு செருகிக்கொள்வான். நடந்தால் சருகு மிதிபடுகிற சத்தம். பிளாஸ்டிக் பையில் சுருட்டிய மாற்று பனியன் ஒன்று இடுப்பில் எப்போதும் இருக்கும். அதை அவன் போட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் லாரி ஷெட் மலைமேட்டின் உச்சியில். காற்றை மறிக்க ஒரு மரம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்று, மூட்டை தூக்கி, பதினோரு லாரி வாங்கியவன் நான். சம்பளம் தருவதும் நான். ஆட்கள் வந்ததும் போய் நிற்பது மட்டும் அவனிடம். சரக்கின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுகிறவன், அவ்வளவுதான். புறங்கையால் ஒவ்வொருத்தர் பிடரியையும் தொட்டுப் பார்ப்பான். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொல்வான். விரல் தடுமாறினால் உள்ளே அனுப்பி, ஈரத்தை மாற்ற வைத்து, சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ கொடுப்பான். "நடுங்குறவனைக்கூடச் சமாளிச்சிரலாம். நடுக்கம் நின்னவனைத்தான் ஓடிப் பிடிக்கணும்" என்பான், பெரிய டாக்டர் மாதிரி. நான் பேசும்போது கடிகாரம் பார்க்கிறவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள். என் வீட்டுக்காரிகூட, வெளியே கிளம்பினால், "அவர்கிட்ட கழுத்தைக் காட்டிட்டுப் போங்க" என்கிறாள்.

போன வருடம் மழையும் காற்றும் சேர்ந்து அடித்த ஒரு நாள், புதுத் தோல் கோட்டோடு வெளியே போய் நின்றேன். முதலாளிக்குக் குளிராது என்று எல்லாரும் பார்க்கட்டுமே. கோட்டு ஊறிப்போனது. அவன் வந்து பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னான். உன் வேலையைப் பார் என்று அதட்டினேன், வாய் குழறியதாம். உடம்பில் நடுக்கமே இல்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்திருந்தேன். அவன் என்னை ஆபீஸ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். ஊறிய பொத்தான் கழலவில்லை. கயிறு அறுக்கிற கத்தியால் கோட்டை மேலிருந்து கீழாகக் கிழித்தெறிந்து, இடுப்பிலிருந்த பனியனை எனக்கு மாட்டி, கம்பளியில் சுற்றினான்.

பிழைத்தேன். மூன்றாம் நாள் நன்றி சொல்லத்தான் ஷெட்டுக்குப் போனேன். ஆட்கள் அவனை அண்ணே, அண்ணே என்று மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுக்கவில்லை.

"அந்தக் கோட்டு என்ன விலை தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"குடுத்துடறேன் முதலாளி" என்றான்.

அன்றைக்கு ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. போதும், விடு என்று சொல்ல மாதம் ஒரு தடவை வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு மாதமும் தவணையை வாங்கிக்கொண்டேன்.

நேற்று கடைசித் தவணை. ஷெட் வாசலில் சுழற்றிச் சுழற்றி அடித்தது காற்று. ஆட்கள் டீக் கிளாஸோடு பார்த்துக்கொண்டிருக்க, கையை நீட்டினேன். ஒவ்வொரு நோட்டாக எண்ணி உள்ளங்கையில் வைத்தான். கடைசி நோட்டை வைத்த விரலை எடுக்கவில்லை.

"கை ஐஸா இருக்கே முதலாளி."

நோட்டுகளோடு என் விரல்களை மூடி, அந்தக் கையை அப்படியே இழுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.