கோர்ட்டுப் பாதை

பாச்சா உருண்டை வாசனை வீடு முழுக்கப் பரவினால் எங்களுக்கு ஐப்பசி பிறந்துவிட்டது என்று அர்த்தம். மழையெல்லாம் அதற்கு அப்புறம்தான். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் எங்கள் செங்கல்பட்டு வீட்டில், இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து உதறி, கொடியில் போட்டு, காக்கை எச்சமிட்டுவிடக் கூடாதென்று அதற்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள் ரோஸ் அத்தை. அப்பாவுக்கு அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "கவுன்சில் கோட்டு" என்று பெயர் பெற்றிருந்த அந்தக் கோட்டைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. எண்ணெய்க் கையாம்.

கோட்டுக்குச் சொந்தக்காரர் அப்பாவின் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டுக் கோர்ட்டில் வக்கீலாக இருந்து, பிறகு மதராஸ் கவுன்சிலில் எங்கள் ஜனங்களுக்காகப் பேசப் போனவர். பெரிய மனிதரின் வம்சம் என்றால் பங்களாவும் நிலபுலனும் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் எங்கள் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர் விட்டுப்போனது அந்தக் கோட்டு, தலைப்பாகையோடு ஒரு போட்டோ, அப்புறம் ஒரு பாதை.

பாதை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய எங்கள் பூர்வீக ஊரில் இருந்தது. சேரியிலிருந்து கடற்கரை இடுகாட்டுக்கு மிராசுதாரின் சவுக்குத் தோப்பு வழியாகப் போனால் கொஞ்ச தூரம்தான். ஆனால் அந்த வழியில் எங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாது. மிராசுதார் மனம் இரங்கி விட்ட நாளில்கூட, வெள்ளாமைக்கு ஆகாது என்ற சாக்கில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, குடையை மடக்கி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கடக்க வேண்டும். தாத்தா மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஐப்பசி மழையில் அவருடைய அம்மா இறந்துபோனாள். அன்று மிராசுதாருக்கு மனம் இரங்கவில்லை. தோப்பைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் நின்ற வயலில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் போனார்களாம். பாதி வழியில் ஒருவர் வழுக்கி விழ, பாடை சரிந்து அம்மா தண்ணீரில் விழுந்துவிட்டாள். தாத்தா வக்கீலுக்குப் படித்தது அதனால்தான். வேறு எதற்காகவும் இல்லை என்பாள் அத்தை.

வழக்கை ஆண்டுக்கணக்கில் நடத்தி ஜெயித்தார். அதிலிருந்து அது "கோர்ட்டுப் பாதை" ஆயிற்று. கவுன்சில் உறுப்பினருக்கு ஊரறிய டவுனில் கல்லறைக்கு இடம் தருகிறோம் என்று சொல்லியும் கேட்காமல், அதே பாதையில் தன்னைத் தூக்கிப்போய் அம்மா பக்கத்தில் புதைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கூடவே வீட்டாருக்கு ஒரு கட்டளையும் போட்டார்: ஒருவரும் நடக்காமல் விட்டால் பாதை உரிமை ஒருநாள் இல்லாமல் போய்விடும், ஆகவே வருஷம் தவறாமல் கல்லறைத் திருநாளன்று நடந்துவிட வேண்டும், அதுவும் செருப்புப் போட்டு, குடை விரித்து, குடும்பத்தில் மூத்தவர் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு. என் காலத்தில் மூத்தவள் அத்தை. புடவைக்கு மேல் வக்கீல் கோட்டோடு அவள் பஸ் ஏறும்போது நான் வேறு யாரோ வீட்டுப் பெண் மாதிரி தள்ளி நிற்பேன். வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் குடை விரிந்திருக்க வேண்டும். சேற்றில் செருப்பு புதைந்தாலும் கழற்றக் கூடாது. இந்தக் கூத்து எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று அப்பா ஒருமுறை கேட்டார். அத்தை அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் போனபோது, பாதை தொடங்கும் இடத்தில் பெரிய இரும்பு கேட் நின்றது. மிராசுதார் வாரிசுகளிடமிருந்து தோப்பை வாங்கிய சென்னைக்காரர் ஒருவர் உள்ளே பங்களா கட்டியிருந்தார். ஊர்க்காரர்களுக்கு வேறு பக்கம் புது இடுகாடு வந்துவிட்டதால் பாதையைப் பற்றிக் கேட்க ஆளில்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் நல்ல மாதிரியான ஆள்தான்; என் அம்மா கையிலிருந்த மெழுகுவர்த்தியையும் சாமந்திப் பூவையும் பார்த்துவிட்டு இரக்கப்பட்டுச் சொன்னார்:

"நா வுட்டுர்றேம்மா. செருப்ப மட்டும் கழட்டிட்டு, கொடைய மடிச்சிகினு ஓரமா பூந்து போயிடுங்க. மொதலாளி புதுசா புல்லு வச்சிக்கீறாரு, சேறு பட்டா என்னிய காய்ச்சி எடுத்துடுவாரு."

அவர் எங்கள் சாதியைக் கேட்கவில்லை. சேற்றைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அப்போதே அது தெரியும், அத்தைக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது.

"கழட்ட மாட்டோம்" என்றாள்.

"அக்கா, புல்லுக்குத்தான சொல்றாரு? மழ வலுத்துகினு வருது, புள்ளைங்க நனையுது" என்றார் அப்பா.

"அன்னிக்கி வெள்ளாமைக்குன்னு சொன்னாங்க. இன்னிக்கி புல்லுக்கு. இன்னா வித்தியாசம் கீது?"

அந்த நேரம் பார்த்து என் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. பிய்ந்த செருப்பும் வெறுங்காலுமாக நான் நிற்க, "பாரு, கொயந்தையே கழட்டிடுச்சி!" என்று வாட்ச்மேன் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டி, அதன் பட்டு லைனிங்கைப் பல்லால் கடித்து நீளமாக ஒரு கிழி கிழித்தாள். காக்கை எச்சத்துக்குப் பயந்து காவல் இருந்த கோட்டு! அப்பா "அக்கா!" என்று பதறினார். அவள் சேற்றில் மண்டியிட்டு, செருப்பை என் காலோடு சேர்த்துக் கணுக்கால்வரை சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு வலித்தது.

பிறகு கேட்டை அடைத்தாற்போல் எல்லோரும் நின்றோம், விரித்த குடைகளோடு. பசித்தது. மெழுகுவர்த்திக் காகிதம் ஊறிப்போனது. சுற்றிக்கொண்டு கடற்கரை வழியாகப் போகலாம் என்று அப்பா மறுபடி சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை சுற்றிப் போனால் அப்புறம் ஆயுசுக்கும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொல்லி அத்தை அவர் வாயை அடைத்துவிட்டாள். சாயங்காலம் ஆகும்போது ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. முதலாளி. நாங்கள் நகரவில்லை. தம்முடைய வீட்டுக்குள் போக அவருக்கு அந்த ஒரு வழிதான். கண்ணாடியை இறக்கி இரண்டு மூன்று தரம் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் அத்தை நடந்தாள், பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் கார். ஒதுங்க இடமில்லை, நாங்கள் ஒதுங்கவும் இல்லை. பங்களா வாசல்வரை அந்தக் கார் முதல் கியரில் முனகிக்கொண்டு சவ ஊர்வலத்தில் வருவதுபோல் எங்கள் பின்னாலேயே வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் போட்டோவில் இருந்தவர் சொந்தத் தாத்தா ஆனார். மறு வருஷம் போனபோது பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் போகச் சின்னக் கதவு ஒன்று வைத்திருந்தார்கள்.

இப்போது சவுக்குத் தோப்பு இல்லை. பங்களாவை இடித்து ரிசார்ட் கட்டியாகிவிட்டது. அத்தையும் இல்லை, அவளுக்குப் பின் அப்பாவிடம் போன கோட்டு இப்போது என்னிடம் கூடுவாஞ்சேரி வீட்டில் இருக்கிறது. லைனிங்கைத் தைக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, கடல் மேலேறி வந்து இடுகாட்டையே வாங்கிக்கொண்டது. தாத்தாவும் அவர் அம்மாவும் படுத்திருந்த இடத்தில் அலை அடிக்கிறது. "கல்லறையே இல்லாத எடத்துக்கு எதுக்கும்மா போறோம்?" என்று கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் மகள் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள். லீவு போட்டுவிட்டுத்தான் கேட்கிறாள்.

போன கல்லறைத் திருநாளன்று நல்ல வெயில். பாதை இப்போது நீச்சல் குளத்தின் ஓரமாகப் பளபளக்கும் மரப்பலகை மேல் போகிறது. சீருடை போட்ட இளைஞன் ஒருவன் ஓடிவந்து, மிகவும் மரியாதையாக, "மேடம், இங்க மட்டும் ஷூவ கழட்டிடுங்க, ப்ளீஸ்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் குனிந்து தன் ஷூவில் கை வைத்தாள். அத்தை கோட்டைக் கிழித்த கதையை அவளுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்!

அவள் லேஸை அவிழ்க்கவில்லை. இழுத்து இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொடய விரிம்மா, போலாம்" என்றாள்.